சலங்கையில் துணி திணித்த ஓட்டனைக் குறித்துப் புன்னைத்துறைக்கு விடுத்த ஓலை

வாழ்க முகிற்குன்ற நாடு. வற்றாதிருக்க அதன் சுனைகள். மலைமேல் கொடி உயர்த்திய அரசி குன்றமாதேவியாரின் திருவாணையைத் தலைமேற்கொண்டு, ஓட்டர் தலைவன் எயினன், கடல் காக்கும் புன்னைத்துறையின் காவலர் சேந்தனாருக்குப் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கலங்கள் நலமே கரைசேர்க. தங்கள் உப்பளங்கள் வெண்மையாய் விளைக.

செய்தி, ஓலை சுமந்து ஓடும் எங்கள் ஓட்டருள் கொற்றன் என்பவனைப் பற்றியது. தங்கள் துறையின் தண்ணீர்ச்சாவடியில் ஓட்டர்களுக்கு நீர் வார்க்கும் சாத்தியின் கணவன் அவன். மணமான மழைக்காலத்திலேயே மலைவழிப் பணிக்கு அழைக்கப்பட்டு ஏறி வந்தவன், பின் துறைக்குத் திரும்பவேயில்லை. கோட்டையின் கிழக்கு மதிலில் நின்றால் வானத்தின் அடியில் கடல் ஒரு கீற்றாய்த் தெரியும். கொற்றன் சோற்றை எடுத்துக்கொண்டு அங்கேதான் போவான். அந்தக் கீற்றைப் பார்த்தபடியே உண்டு முடிப்பான்.

கடல்வழிக்கு ஓர் ஓட்டன் வேண்டும், திருநாள் ஓட்டத்தில் முந்துபவனுக்கே அவ்விடம் என்று முரசு அறைந்த அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நம் ஓட்டர்கள் சலங்கைக்கோல் ஏந்தி ஓடுவதும், ஓடும்போதே அடுத்த சாவடியின் பெயரை உரக்கக் கூவுவதும் தாங்கள் அறிந்தவையே. கூவுவதற்கு மூச்சு மிஞ்சினால் ஓட்டம் உடம்புக்கு அடங்கியது என்று பொருள். கூவ இயலாமல் இரைத்தால் நடைக்கு இறங்கிவிட வேண்டும். ஒருநாள் கடுமையாக மலையேறினால் மறுநாள் மெல்ல நடப்பதும், வாரத்தில் ஒருநாள் காலை நீட்டிக் கிடப்பதும் எங்கள் பயிற்சியின் முறை.

அந்த ஓய்வு நாள்தான் கொற்றனை முள்ளாய்க் குத்தியது. படுத்துக் கிடக்கும் பொழுதெல்லாம் சாத்தியைவிட்டு இன்னும் விலகிப் போவதாகவே அவனுக்குப் பட்டது. கெண்டைக்காலில் மணல் முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கோட்டைப் படிகளில் ஏறி இறங்கினான். ஓசை கேட்டால் தலைவனாகிய யான் தடுப்பேன் என்று சலங்கைகளின் வாயில் துணியைத் திணித்தான்.

அவனுடன் ஓடும் தித்தன் இதைக் கண்டு, "ஏம்பா, கடலுக்குப் போகப்போறியா, இல்ல கடலையே மேல தூக்கிட்டு வரப்போறியா? காலைப் பாரு, உரல் மாதிரி வீங்கிக் கெடக்கு" என்று கேட்டிருக்கிறான். கொற்றன் நிற்காமலே, "வலிச்சாத்தாண்ணே பலம் ஏறும்" என்றானாம். அதையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாமல், பாதியை ஒரு படியிலும் மீதியை மேற்படியிலுமாகச் சொன்னானாம்.

திருநாள் நெருங்கியபோது வலக் கெண்டைக்கால் தசை கிழிந்து படியிலேயே சாய்ந்தான். கோலை ஆட்டி ஆட்டிப் பார்த்தான், சலங்கை ஒலிக்கவில்லை. கூவவும் மூச்சில்லை. வெயில் ஏறித் தித்தன் தேடி வரும்வரை அப்படியே கிடந்தான். கிடந்த இடத்திலிருந்தும் கடல் தெரிந்தது, அதுதான் காலைவிட வலித்தது என்று பிறகு சொன்னான்.

ஓட்டத்தில் தித்தன் வென்று கடல்வழி சென்றான். தன் நிலையைச் சாத்தியிடம் சொல்லவேண்டாம் என்று கொற்றன் கையைப் பிடித்துக் கேட்டும், தித்தனுக்கு வாய் நிற்கவில்லை. அவள் சொல்லியனுப்பிய மறுமொழி இது: "ஓடி வரச்சொல்லி இங்க யாரு அழுதா? அந்த மனுசன் நடந்து வந்தா வாசல் திறக்காதா? காலை ஒடிச்சுக்கிட்டு வந்தா ஒரு வாய்த் தண்ணிகூட ஊத்த மாட்டேன்னு சொல்லுங்கண்ணே." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். கையிலிருந்த குவளை நிரம்பி வழிந்ததையும் அவள் கவனிக்கவில்லையாம்.

அதன்பின் கொற்றன் மருத்துவர் சொற்படி நடந்தான். வீக்கம் வடியும்வரை கிடந்தான், பிறகு நடந்தான், பிறகு மெல்ல ஓடினான். தொலைவையும் வேகத்தையும் சிறுகச் சிறுகவே கூட்டினான். சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திக்கொண்டான். முடிச்சு மணலை மதிலடியில் கொட்டிவிட்டு, சலங்கைத் துணியை முள்ளால் நெம்பி எடுத்தான். ஆடு மேய்ப்போர் அவனைக் கடந்து சென்று, "என்ன ஓட்டரே, எங்க குட்டியாடு முந்துதே" என்று சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, அதே வேகத்தில் கூவிக்கொண்டு போனான். எந்தத் திசையில் ஓடினாலும் அவன் கூவிய பெயர் புன்னைத்துறை ஒன்றே. அது முறையன்று, ஆயினும் யான் தடுக்கவில்லை.

மழை ஓய்ந்த பருவத்தில், அடிவாரத்திலிருந்து உச்சிவரை குரல் உடையாமல் அவன் கூவி வந்ததை மாடத்திலிருந்து தேவியார் கேட்டருளினார். அது யார் குரல், மலையேறி வருபவன் கடல்துறையின் பெயரை ஏன் கூவுகிறான் என்றும் வினவினார். நடந்ததை அறிந்தபின் கடல்வழிக்கு இன்னோர் ஓட்டனை அமர்த்துமாறு பணித்தார்.

ஆதலின் ஆணையாவது: கடல்வழிச் சாவடிகளிலும் சலங்கையின் வாயை எவரும் அடைத்தல் ஆகாது, ஓய்வு நாளில் ஓய்ந்திருப்பதும் பணியே எனக் கொள்க. இவ்வோலையைக் கொண்டுவருபவன் கொற்றனே. பாதி ஓட்டமும் பாதி நடையுமாக, ஒவ்வொரு சாவடியிலும் இரவு தங்கி வருமாறு அவனுக்குக் கட்டளை. தாமதம் எங்களுடையது, அவனுடையதன்று.

அவன் வரும்போது இரைத்தால் விதியை மீறியவன். தண்டனையாக, அடுத்த முழுநிலவு வரை அவனை அங்கேயே நிறுத்தி வைக்க. குரல் முழுதாய் வந்தால் விதியைக் காத்தவன். பரிசாக, அதே முழுநிலவு வரை அங்கேயே நிறுத்தி வைக்க.

இளமையில் இக்கோட்டைக்குக் கல் சுமந்து காய்த்த என் கை எழுதியது. எழுத்துக் கோணினும் ஆணை கோணாது. வரையாட்டு முத்திரை அரக்கில் இடப்பட்டது. உள்ளிருப்பதைக் கொற்றன் அறியான். இதைப் படித்தவுடன் சாத்தியை வாசலுக்கு அழைக்க. தண்ணீர்ச்சாவடியிலிருந்து அவன் வரவைக் கேட்டிருப்பவளாதலின், எது இரைப்பு, எது குரல் என்று தீர்ப்பவள் அவளே. தீர்த்தபின் அவள் தண்ணீர் வார்க்கட்டும், இதுவும் ஆணை.