கண்ணாடிக் கதவுக்கு வெளியே

கலாராணியின் அப்பாவுக்கு, பதுளையிலிருந்து பாக்கியம்.

நான் ஆயாவாக இருக்கும் இந்தக் கெம்பஸில் படிக்கும் நம் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு அநியாயம் நடந்திருக்கிறது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி?

பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கப் புதிதாக உதவி மையம் திறந்தார்கள். உள்ளே போய் நம்பர் எடுக்க வேண்டுமாம். கஜேந்திரன் மகள் நிரோஷினி, தோட்ட ஆபீஸில் நிற்பதுபோல், பேர் கூப்பிடுவார்களென்று பல நாள் கதவுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் வருவதில்லையென்று, அங்கே தமிழ் பேசும் றிஸ்கா மிஸ்ஸையும் நிறுத்தப் போகிறார்கள்.

"கண்ணாடிக் கதவுதானே சார், வெளியே பார்த்தால் என்ன?" என்று கேட்டேன். மையத்துப் பெரியவர் சிரித்தார்.

நேற்று நிரோஷினி தன் ஸ்வெட்டரை என்னிடம் தந்தாள். "வச்சுக்கங்க ஆயம்மா, எனக்கு இனிக் குளிராது" என்றாள்.

பயப்படாதீர்கள், அவளைத் தனியே விடாமல் ஹொஸ்டலில் என் அறையிலேயே வைத்திருக்கிறேன். நம் வீட்டுத் தேயிலைத்தூள் கொஞ்சம் கொண்டுவாருங்கள். இங்கே நீங்கள் இல்லாமல் குடிக்கும் டீ இறங்கவில்லை.

உங்கள் போன் கிடைக்காததால் நம் தோட்டப் பக்கம் வரும் கொஸ்லந்தை பஸ்காரரிடம் இதைக் கொடுக்கிறேன். ஹாரன் அடிக்கிறார். கஜேந்திரன் முதல் பஸ்ஸில் வர வேண்டும். ஆபீஸ் வாசலென்றால் அவர் தயங்குவார், நீங்கள் கூட வரவேண்டும். றிஸ்கா மிஸ் இருக்க வேண்டும். மையத்துப் பெரியவர் வெளியே வந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுவரை அவள் கையை நான் விடமாட்டேன்.

பாக்கியம்