செலவுக்கு வாங்கினால் பிள்ளை போய்விடுமா

9 ஜூன் 1998, செவ்வாய் இரவு

எங்கள் பத்திரிகை அலுவலகத்தைப் பெருக்கும் செல்வி, இன்று மகளோடு வந்து பள்ளிச் சீருடைக்குக் கடன் கேட்டாள். புருஷன் கீழ்பென்னாத்தூரில் சொந்தமாக வேன் ஓட்டுகிறான். ஊர்ப் பெரியவர்கள் கூடி இருவரையும் பிரித்துவிட்டார்கள்.

“குழந்தைச் செலவுக்கு அவனைக் கேட்க வேண்டியதுதானே?” என்றேன்.

“ஐயோ, வேணாம் சார். ஒரு ரூபா வாங்கினாலும் புள்ள அவனுக்குத்தான்னு பஞ்சாயத்துலயே சொல்லிட்டாங்க. கம்மியா துன்னாலும் எங்கூடவே இருக்கட்டும்.”

அப்படி ஒரு சட்டமே கிடையாது, செலவு கொடுப்பது தகப்பன் கடமை, குழந்தை யாரிடம் வளர்வது என்பது வேறு வழக்கு என்று எடுத்துச் சொன்னேன். பெருக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“கோர்ட்டுக்கு இவளையும் இட்டுனு வரணுமா?”

“வேண்டாம்.”

“அப்போ வரேன் சார். திங்கக்கெழம வக்கீல்கிட்ட நீங்களே கூட்டினு போங்க.”

சட்டம் நான் சொன்னதுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ‘வேண்டாம்’ மட்டும் யாரையும் விசாரிக்காமல் வாயில் வந்தது. அதை நம்பித்தான் அவள் சம்மதித்தாள். குழந்தையை அழைத்து வரும்படி நீதிபதி சொன்னால், கூண்டில் நின்றபடி செல்வி என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.