துலாபாரத் தட்டும் நிலாவும்

தை மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.

காய்ச்சலில் கிடந்த மகள் செல்வி எழுந்து நடமாடினால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக அம்மனிடம் வேண்டியிருந்தேன். இன்று துலாபாரம் கொடுத்தோம். ஒரு தட்டில் அவள் உட்கார்ந்தாள், மறு தட்டில் வெல்லம் ஏறியது. முப்பத்தெட்டு கிலோவில் தராசு நேராக நின்றது.

செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் செல்வி சிரித்தாள். "ஏம்மா, நிலாவுல என் எடை ஆறுல ஒரு பங்குதான். அங்க வேண்டியிருந்தா ஆறேழு கிலோ வெல்லத்தோட முடிஞ்சிருக்கும்."

"சாமி விஷயத்துல இன்னாடி விளையாட்டு?" என்று அதட்டினேன். ஆனால் மனம் அடங்கவில்லை. இடத்துக்கு இடம் மாறுகிற ஒன்றையா அம்மனுக்குக் கொடுத்தேன்?

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய அறிவியல் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பூமி இழுக்கிற இழுப்புதான் எடையாம். உடம்பில் இருக்கும் பொருளின் அளவு நிறையாம், எங்கே போனாலும் அது மாறாதாம். நிலாவில் அவள் லேசானால் வெல்லமும் அதே பங்கு லேசாகுமே. தராசு நேராக நிற்க அங்கேயும் இதே வெல்லம்தான் வேண்டும்.

அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம்மா, நான்தான் தப்பா சொல்லிட்டேன். மெஷின்ல ஏறி நின்னாதான் கம்மியா காட்டும். தராசு ஏமாறாது" என்றாள்.

வேண்டுதலில் குறையில்லை. ஆனால் இப்போது வேறொன்று உறுத்துகிறது. காய்ச்சலுக்கு முன் அவள் நாற்பத்து மூன்று கிலோ இருந்தாள். நிலாவுக்குப் போயிருந்தால் அவளில் எதுவும் குறைந்திருக்காது. இந்த ஐந்து கிலோ அப்படியில்லை, அவளே குறைந்தது. அதற்கு அம்மனிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. காலையில் உளுந்தங்கஞ்சி வைக்கப் போகிறேன்.