கூரை வேலைக்குப் போன அண்ணன்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
16.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

குமுதா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட வேண்டாம். போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உங்களுக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாக அண்ணி சொன்னார். சந்தோஷம்.

எங்கள் சபையிலிருந்து பதினாறு பேர் இரண்டு குழுவாகக் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குப் போகிறார்கள். கெனிங்காவ் டவுனிலிருந்து மலைப் பாதையில் நான்கு மணி நேரம் உள்ளே போனால் ஒரு கம்போங், சின்னக் கிராமம். அங்கே தேவாலயத்தார் நடத்தும் சின்னப் பள்ளி போன வருஷ மழையில் சரிந்துவிட்டது. பிள்ளைகள் பொது மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்களாம். சுவர் கட்ட ஆள் இருக்கிறது. கூரைக்கு இரும்புச் சட்டம் போடத்தான் ஆள் இல்லை. வெல்டிங் தெரிந்த சகோதரருக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த வெல்டர் நீங்கள் ஒருவர்தான்.

முட்டி வலியால் நான் போகவில்லை. நான் போகாததால்தான் உங்களைக் கேட்கவே துணிந்தேன். அம்மா ஞானஸ்நானம் எடுத்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அம்மா தவறிய அன்று போதகரை உள்ளே விடாமல் கேட்டைப் பூட்டினீர்கள். நான் ரோட்டில் நின்று அழுதேன். மூன்று வருஷம் ஆகிறது. அதையெல்லாம் இப்போது பேச வரவில்லை. பிள்ளைகள் தலைக்கு மேல் கூரை வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் தங்கை,
குமுதா


முருகன் துணை

மாக் மண்டின்
24.6.2024

குமுதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சட்டத்துக்கு என்ன இரும்பு வாங்குகிறார்கள்? மெல்லிசுக் குழாய் என்றால் மலைக் காற்றுக்கு நிற்காது. கூரை அளவை அனுப்பச் சொல். என் மெஷினை நானே கொண்டு போவேன். அடுத்தவர் மெஷினில் எனக்குக் கை வராது. பட்டறையில் நான்கு வாரம் லீவு கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும். என்னை ஜெபத்துக்குக் கூப்பிடக் கூடாது. நெற்றியில் திருநீறோடுதான் வேலை செய்வேன். உன் போதகரிடம் சொல்லி வை.

புவனேஸ்வரன்


முருகன் துணை

சபா
3.8.2024

அன்பு குமுதா,

வந்து ஒரு வாரம் ஆகிறது. இங்கே போனுக்கு லைன் கிடையாது. சனிக்கிழமை பிக்-அப் வண்டி கெனிங்காவ் போகும், அதில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

பாதையைப் பற்றி நீ சொன்னது ரொம்பக் குறைவு. நான்கு மணி நேரமும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினேன். இடுப்பு இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை.

லினா என்று ஒரு டீச்சர். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் அவர் ஒருவர்தான். எங்களுக்குத் தினமும் மலையரிசிச் சோறும் மரவள்ளிக் கீரையும் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது. பிள்ளைகள் மணல் வாளியைத் தூக்க நான் நீ என்று வருகிறார்கள். ஒரு பொம்பளைப் பிள்ளை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இது மருந்தா, அங்கிள்?" என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் போதகர் கிதியோன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். காலையில் அவர்கள் ஜெபம் பண்ணும்போது நான் தள்ளிப் போய் வெல்டிங் ராடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பேன். முடிந்ததும் அவரே எனக்குக் கோப்பி கொண்டுவந்து தருகிறார். வாங்கும்போது கூச்சமாக இருக்கிறது. அன்று கேட்டுக்கு வெளியே நின்றவர் அவர்தானே.

என்னை இங்கே அனுப்பியதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

அண்ணன்,
புவனேஸ்வரன்


ஆயர் ஈத்தாம்
9.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

'அன்பு குமுதா' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கடவுளுக்கு ஸ்தோத்திரம். இந்த வார்த்தைக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வேறு வார்த்தை தெரியாது.

நாளைக்கு இரண்டாவது குழு கிளம்புகிறது. அவர்கள் கையில் இந்தக் கடிதத்தோடு எலுமிச்சை ஊறுகாய், உங்கள் மாத்திரை, இடுப்புக்குத் தைலம் கொடுத்தனுப்புகிறேன். அண்ணி நேற்று அக்கரையிலிருந்து ஃபெர்ரி ஏறி என் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் பசியாறிவிட்டு உங்களைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருந்தோம்.

அண்ணே, பேச வரவில்லை என்று முதலில் எழுதினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று வாசலில், "அம்மா கடைசியில உன் போதகரத் தேடவே இல்ல" என்று சொன்னீர்கள். கேட்டைப் பூட்டியதைக் கூட மறந்துவிடுவேன் போல. அந்தச் சொல்தான் போக மாட்டேன் என்கிறது. அம்மா விசுவாசத்தை விட்டுவிட்டா போனார்? ஒவ்வொரு ஞாயிறும் அம்மா உட்காரும் பெஞ்சைப் பார்க்கும்போது இதுதான் தோன்றுகிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை.

குமுதா


சபா
17.8.2024

அன்பு குமுதா,

உன் கடிதம் வந்த மறுநாளே கூரைத் தகடு கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. பயப்படாதே, இப்போது நடக்கிறேன். ஆனால் புண் சீழ் வைத்து இரண்டு நாள் நல்ல காய்ச்சல். லினா டீச்சர் பள்ளிக்கு லீவு விட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கம்போங் பெண்கள் முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மொழியில் ஜெபம் பண்ணினார்கள். என் பேர் மட்டும் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை யாரென்றே தெரியாதவர்கள் எனக்காகக் கேட்கிறார்கள். படுத்துக்கொண்டு உன் கடிதத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விஷயத்தைக் கிதியோனிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணே, இத நீங்க என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன். அப்போது கோவிட் காலம், ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைத்தான் உள்ளே விட்டார்கள் என்று உனக்குத் தெரியும். கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, போதகரப் போன்ல கூப்புடு. ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்றார். போன் என் சட்டைப் பையில் இருந்தது. "லைன் இல்லம்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். காலையில் அம்மா இல்லை.

பெற்ற பிள்ளை நான் பக்கத்தில் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று நினைத்தேன். வாசலில் உன்னைப் பார்த்ததும் பொய்யாகவே சொல்லிவிட்டேன். அதன்பிறகு உன் போனை எடுக்க எனக்கு முகம் இல்லை. எனக்கு உன்மேல் கோபம் என்று உன் அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா எதையும் விடவில்லை, குமுதா. நான்தான் தடுத்தேன்.

கூரை முடிந்துவிட்டது. நேற்று நல்ல மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வருகிறேன்.

புவனேஸ்வரன்


ஆயர் ஈத்தாம்
23.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை அண்ணி கையில் கொடுத்துவிட்டு வரப் போகிறேன். நாளைக்கு நீங்கள் வந்ததும் தருவார்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. முதலில் உங்கள் மேல் வந்த கோபத்தை எழுதினால் தாள் கொள்ளாது. சமைக்கவில்லை. ஃபேக்டரிக்கும் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை, அண்ணே. வரும். அதற்காகத்தான் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இன்று காலை எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. மூன்று வருஷமாக அம்மாவை நினைத்தாலே ஒரு சந்தேகமும் கூடவே வரும். இன்றைக்கு அம்மா மட்டும் வந்தார். நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னீர்களே, அதற்கு நன்றி. அந்தப் பிள்ளைகளுக்காகவும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள். ஆராதனை முடிந்து ஒரு மணிக்கு வீட்டில் இருப்பேன். திருநீறோடு வாருங்கள். மீன் குழம்பு வைக்கிறேன். வெறுங்கையோடு வந்தால் போதும்.

சாப்பிட்டபிறகு அந்தச் சாயங்காலத்தை எனக்குச் சொல்ல வேண்டும். அம்மா என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், உங்கள் எந்தக் கையைப் பிடித்திருந்தார், எல்லாவற்றையும். ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதாது. திரும்பக் கேட்பேன். சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
குமுதா