ஸ்டெபிலைசரைக் கழற்ற வேண்டாம்

அப்பாவுக்கு வணக்கம். பேசாமல் இருந்தது போதும். மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நலம்.

மத்தியானமானால் உங்கள் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடுகிறதாம். ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது, கழற்றி எறிகிறேன் என்கிறானாம் தம்பி. தங்கை சொன்னாள். அது கெடவில்லை. தெருவெல்லாம் கூரையில் சோலார். உச்சி வெயிலில் எல்லா வீட்டு மின்சாரமும் ஒரே கம்பியில் ஏறி, கடைசி வீடான நம் வீட்டில் வோல்டேஜ் எகிறுகிறது. அப்போது மின்சாரத்தைத் துண்டித்து, மெஷின் எரியாமல் காப்பதே ஸ்டெபிலைசர்தான்.

இங்கு என் மின்வாரிய வேலையிலும் நேற்று ஒரு தெருவில் அதே கோளாறு. "ஏம்பா, கடைசி வீடுன்னா உங்களுக்கு இளக்காரமா?" என்று ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜை நான் ஒரு படி குறைத்ததும் சரியானது. "சாப்பிட்டியாப்பா?" என்றார். என்னை யாரும் அப்படிக் கேட்டு நாளாயிற்று.

மின் அலுவலகத்தில் சொல்லி அங்கேயும் குறைக்கச் செய்யுங்கள். போன் செய்தால் தம்பிதான் எடுக்கிறான். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறான். படித்தவன் பேச்சு அந்த வீட்டில் என்றைக்கு எடுபட்டது? கழற்றாதே என்று நீங்கள் சொன்னால் கேட்பான். பரணில் என் வோல்ட் மீட்டர் இருக்கும், அதையும் அவன் விற்றிருக்காவிட்டால். மத்தியானம் அளந்து, தங்கையிடம் சொல்லுங்கள். நீங்களே என்னிடம் பேசினாலும் சரி.

கீழே 'உங்கள் மகன்' என்று எழுதினால் தம்பியைத்தான் நினைப்பீர்கள். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.