சட்டை நனைந்ததா?

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் தங்கச்சியும் குட்டியும் சுகமா? போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதே. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது இருமலாக வருகிறது. எழுத்துக்கு மூச்சு தேவையில்லை, அதனால் கடிதம்.

சளி என்று மருந்து குடித்துக்கொண்டிருந்தேனே, அது சளி இல்லை. நுரையீரலில் கல் தூசி படிந்து இறுகிவிட்டதாம். டாக்டரம்மா எக்ஸ்ரேவை விளக்கில் மாட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. என்ன வேலை என்று கேட்டார். சமையல் மேடைக்குக் கல் அறுக்கிறேன் என்றேன். "தண்ணி விட்டா, காய்ஞ்சபடியா?" என்றார். காய்ந்தபடிதான் என்றேன். உள்ளே போன தூசி திரும்பி வராதாம். முப்பது வயதுகூட ஆகவில்லை, மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தாயிற்று, இனி ஆக வேண்டியதைப் பார்க்கலாம்.

உன்னை நம் பட்டறையில் சேர்த்துவிட்ட உரிமையில் சொல்கிறேன். உடனே போய் எக்ஸ்ரே எடு. தண்ணீர் விடாமல் ஒரு கல்லையும் அறுக்காதே.

உன் மச்சான்


மார்ச் 15

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் தங்கச்சி அழுது ஓய்ந்தாள். குட்டிக்குப் பல் முளைத்திருக்கிறது. என் விரலைத்தான் கடித்துப் பழகுகிறாள்.

முதலாளியிடம் தண்ணீர் பற்றிக் கேட்டேன். "தண்ணி விட்டா கல்லுல போட்ட கோடு அழிஞ்சுபோகும், தரையெல்லாம் சேறாகும். அப்புறம் ஆர்டரை எப்பய்யா முடிக்கிறது?" என்றார். ஆளுக்கொரு துணி முகமூடி கொடுத்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்றுகூடப் பெரிய கல் ஸ்லாபை முன்பக்கம் நான்தான் தூக்கினேன். ஸ்லாப் தூக்குகிறவனுக்கு நெஞ்சில் என்ன கோளாறு வரும்? அதுதானே நம் பட்டறைக் கணக்கு. வேலை முடிந்ததும் வழக்கம்போல ஒருவர்மேல் ஒருவர் காற்றுக் குழாயால் அடித்து, தூசி போக்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புகிறோம். உன் இடத்தில் இப்போது பாலிஷ் போடும் அண்ணன் என் முதுகுக்கு அடிக்கிறார். உன் கைப்பக்குவம் அவருக்கு வராது. நன்றாகச் சாப்பிடு, எல்லாம் சரியாகிவிடும்.

இப்படிக்கு உன் மாப்பிள்ளை


மார்ச் 21

மாப்பிள்ளை,

இந்தத் தடவை "அன்புள்ள" கிடையாது.

ஸ்லாப் கதையை என்னிடமே அளக்கிறாயா? நான் படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் உனக்குப் பின்பக்கம் தூக்கியது யார், உன் தாத்தாவா? தோளில் பலம் இருக்கும்போதே நெஞ்சு இறுகிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு தப்பு.

அதைவிடப் பெரிய கூத்து காற்றுக் குழாய். அதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சட்டையில் சும்மா கிடந்த தூசியைக் கிளப்பி, ஒருவன் மூக்கில் ஒருவன் ஏற்றியிருக்கிறோம். அதையும் பாசத்தோடு செய்திருக்கிறோம்.

என்னை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பட்டறைப் பையன். என்னைவிடச் சின்னவன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவனும் ஸ்லாப் தூக்கினவன்தான்.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு எழுது. இல்லாவிட்டால் எழுதாதே. இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கவா என் தங்கச்சியை உனக்குக் கட்டிக்கொடுத்தேன்?

மச்சான்


ஏப்ரல் 17

அன்புள்ள மச்சான்,

நீ போடாவிட்டாலும் நான் "அன்புள்ள" போடுவேன்.

எக்ஸ்ரே எடுத்தேன். தனியாகப் போகப் பயம், பட்டறை ஆட்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு இப்போதைக்குப் புள்ளி இல்லை, இப்படியே வேலை பார்த்தால் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பாலிஷ் அண்ணனுக்கு ஆரம்பித்துவிட்டது. அன்று காலையும் ஸ்லாப் தூக்கிவிட்டுத்தான் வந்தார் மனுஷன்.

மறுநாள் யாரும் மெஷினைத் தொடவில்லை. வாசலில் உட்கார்ந்துவிட்டோம். "ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லன்னா எல்லாரும் வேலையை நிறுத்துவீங்களா?" என்று முதலாளி குதித்தார். அண்ணன் எழுந்து தன் எக்ஸ்ரேவை வெயிலில் தூக்கிக் காட்டினார். "தண்ணி விட்டா கோடு அழியும்னீங்க. இங்க நெஞ்சே அழியுது, பாருங்க" என்றார். முதலாளி வேறு ஆள் தேடிப் பார்த்தார். விஷயம் எல்லாப் பட்டறைக்கும் எட்டியிருந்தது, ஒருவரும் வரவில்லை.

அந்த வாரமே முதலாளி இறங்கிவந்து, பட்டறையை மாற்றும் வேலையை ஆரம்பித்தார். இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் தண்ணீர்க் குழாய், தூசி உறிஞ்ச ஒரு மெஷின், வடிகட்டி வைத்த முகமூடி. கோட்டை மெழுகு பென்சிலால் போடுகிறோம், அழிவதில்லை. அண்ணனை அளவெடுக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம், மாற்றும்வரை விடமாட்டோம்.

காற்றுக் குழாயை நானே அறுத்தேன். ஒரு சாண் துண்டு இதோடு வருகிறது. தண்ணீர் தெறித்துத் தினமும் சட்டை நனைகிறது. "எருமை மாதிரி சேத்துல புரண்டுட்டு வர்றீங்க" என்று உன் தங்கச்சி என்னை வாசலிலேயே நிறுத்திவிடுகிறாள்.

உன் மாப்பிள்ளை


மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குழாய்த் துண்டு ஜன்னலில் இருக்கிறது. அது என்னவென்று நர்ஸ் கேட்டாள். குடும்பச் சொத்து என்றேன்.

பக்கத்துக் கட்டில் காலியாகிவிட்டது. அந்தப் பையனிடம் அவன் பட்டறை முகவரியைக் கேட்டு வாங்கியிருந்தேன், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அங்கே இன்னும் காய்ந்தபடிதான் அறுக்கிறார்கள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ. எக்ஸ்ரேவை மறக்காமல் எடுத்துப்போ. துரத்தினால் மறுபடியும் போ.

எழுத்துக்கு மூச்சு தேவையில்லை என்று எழுதியிருந்தேன். தேவைப்படுகிறது. இந்த ஒரு பக்கத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். இனி நீ எழுது, நான் படிக்கிறேன். பெரிய கதையெல்லாம் வேண்டாம். இன்றைக்குச் சட்டை நனைந்ததா, அதை மட்டும் எழுது.

உன் மச்சான்