மாப்பிள்ளையைக் கடைசிப் பந்தயத்துக்கு அனுப்பியவன்

மாப்பிள்ளை, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான். ஜெர்மனியிலிருந்து ஒருவன் வருவான், என் தங்கச்சியைக் கட்டுவான், எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேருவான் என்று. யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, அதற்கு நான் என்ன செய்ய.

உங்கள் நெஞ்சு நின்று எட்டு மாதமாகிறது. இன்றுதான் உங்கள் பிளெய்ன்ஸ்பரோ வீட்டுக் கராஜைக் காலி பண்ணித் தரச் சொல்லித் தங்கச்சி கூப்பிட்டாள். கதவைத் தூக்கியதும் சைக்கிள் டயர் ஒட்டுகிற பசை வாசம் முகத்தில் அடித்தது.

உங்கள்மேல் எனக்கு அப்படி ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. நீங்கள் வருவதற்கு முன் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வரைக்கும் எந்தத் தமிழர் வீட்டு விருந்திலும் கதை சொல்வது நான்தான். அமராவதி வெள்ளத்தில் ஒற்றை ஆளாக லாரியை இழுத்துக் கரையேற்றியதைச் சொன்னால் சாம்பார் ஆறிப்போகும். நீங்கள் வந்த பிறகு, "அங்கிள், லாரி எங்கயும் போயிடாது. உங்க மாப்பிள்ளை ரேஸ் கதை சொல்லட்டும்" என்றார்கள்.

நீங்களோ தங்கச்சி கற்றுக்கொடுத்த கரூர்த் தமிழில் நாலே வாக்கியம் சொல்வீர்கள். சரிவான மரத்தளம், பிரேக் இல்லாத சைக்கிள். இரண்டு பேர் ஓர் அணி. தன் முறை முடிந்தவன் கூட்டாளியின் கையைப் பிடித்து முன்னால் வீசிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். பெர்லின் சுவர் விழுந்த பிறகு சாலைப் பந்தயத்துக்கு மாறினீர்கள். அங்கேயும் வேறொருவன் ஜெயிப்பதற்காக முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்கிற வேலை. "நான் ஃபர்ஸ்ட் வந்ததே இல்லீங்க" என்பீர்கள். அதற்கும் கை தட்டினார்கள். நான் ஜெயித்த கதைகளுக்கு ஒருவரும் தட்டியதில்லை.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. பழைய கூட்டாளி ஓய்வு பெறுகிறான், கடைசியாக ஒருமுறை சேர்ந்து ஓட்ட வா என்று. உங்களுக்கு முப்பத்தாறு வயது, முன்பு விழுந்து முறிந்த தோள்பட்டைக்குள் கம்பி. போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. போனீர்கள். எத்தனையாவதாக வந்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் பத்து வயது குறைந்து திரும்பி வந்தீர்கள்.

அந்தத் தீபாவளி விருந்தில் நான் எழுந்து நின்றேன். "போய் ஓட்டுங்க மாப்ளேன்னு டிக்கெட்டைக் கையில குடுத்து அனுப்பிச்சதே நான்தான்." தங்கச்சி கரண்டியோடு என்னையே பார்த்தாள்.

"நிஜமாவா?" என்று யாரோ உங்களைக் கேட்டார்கள்.

"ஆமாங்க. மச்சான்தானுங்க போகச் சொன்னாரு."

அன்றைக்கு எனக்குக் கை தட்டினார்கள்.

உங்கள் காரியத்தன்றும் அதையேதான் சொன்னேன். இன்னும் நான் வைத்துக்கொண்டிருப்பது உங்களுடைய அந்த 'ஆமாங்க' ஒன்றைத்தான். சமையலறையில் கடிதத்தை நீட்டி, "என்னங்க மச்சான் பண்றது?" என்று நீங்கள் கேட்டபோது நான் சொன்னது வேறு. "இந்த வயசுல விழுந்தா என் தங்கச்சிதான் தூக்கோணும். போக வேண்டாங்க மாப்ளே." டிக்கெட்டை நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். விழுந்துவிடுவீர்கள் என்று நான் பயப்படவும் இல்லை. திரும்பி வந்தால் உங்களிடம் இன்னொரு கதை இருக்குமே என்றுதான்.